தொழில்முனைவோரின் தன்னறிவும் மென்திறன்களும்

தொழில்முனைவோரின் தன்னறிவு என்பது, ஒரு தொழிலைத் தொடங்கி நடத்துபவர் தன் வலிமை, குறை, ஆசை, அச்சம், பழக்கம் ஆகியவற்றையும், அவை தன் முடிவுகளை எவ்வாறு பாதிக்கின்றன என்பதையும் அறிந்திருக்கும் நிலையாகும். மென்திறன்கள் என்பவை பேசுதல், கேட்டல், பேரம் பேசுதல், பணியாளரை நடத்துதல், சினத்தை அடக்குதல், தோல்விக்குப் பின் மீண்டெழுதல் போன்ற, பிறரோடும் தன்னோடும் பழகுவதற்கான திறன்களாகும். இவ்விரண்டும் பிறவியிலேயே அமைவன என்றும், குடும்பத் தொழில் உள்ள சமூகங்களில் மட்டுமே வளர்வன என்றும் கருதும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. இக்கருத்தை முதன்முதலில் முறையாகச் சோதித்த ஆய்வுகளுள் ஒன்று தென்னிந்தியாவில் நடைபெற்றது. 1960களின் நடுப்பகுதியில் ஆந்திரப் பிரதேசத்தின் காக்கிநாடாவையும் தமிழகத்தின் வேலூரையும் சேர்ந்த சிறுதொழில் நடத்துவோருக்கு அளிக்கப்பட்ட பயிற்சி, தன்னைப் பற்றிய அறிவைக் கற்பிக்க இயலும் என்பதற்குச் சான்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அப்பயிற்சி யாருக்குப் பயன்பட்டது, யாருக்குப் பயன்படவில்லை என்பதும் அதே அளவு முக்கியமானது.

சொற்பொருள்

மென்திறன் என்னும் சொல் வணிக உலகில் பிறந்தது அன்று. ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையின் பயிற்சித் துறையினர் 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் இச்சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கினர். பீரங்கி, வண்டி, வானொலி முதலிய பொறிகளை இயக்குவதற்கான திறன்களை அவர்கள் வன்திறன்கள் என்றனர். வீரர்களை வழிநடத்துதல், ஆய்ந்து முடிவெடுத்தல் போன்று பொறியோடு நேரடித் தொடர்பு இல்லாத திறன்களை மென்திறன்கள் என்றனர். 1972 ஆம் ஆண்டு டெக்சாசு மாநிலத்தில் இது குறித்து ஒரு மாநாடு நடைபெற்றது. ஒரு பொறியை இயக்கும் முறையைப் படிப்படியாக எழுதிக் கற்பித்துவிடலாம், ஆனால் மனிதரோடு தொடர்புடைய பணியை அவ்வாறு எழுதுவது கடினம் என்பதே அன்று எழுந்த சிக்கல். இச்சிக்கல் இன்றும் முழுமையாகத் தீரவில்லை.

தன்னறிவு, மென்திறன்களுள் ஒன்றாகவும் அவற்றின் அடிப்படையாகவும் கொள்ளப்படுகிறது. பீட்டர் சாலவே, ஜான் மேயர் ஆகிய உளவியலாளர்கள் 1990 இல் உணர்வு நுண்ணறிவு என்னும் கருத்தை முன்வைத்தனர். டேனியல் கோல்மன் 1995 இல் எழுதிய நூலால் அது பொதுமக்களிடையே பரவியது. தன் உணர்வைத் தானே அடையாளம் காண்பது இக்கருத்தில் முதற்படியாக வைக்கப்படுகிறது. தான் சினத்தில் இருப்பதை அறியாதவர் சினத்தை அடக்க முயலமாட்டார் என்பது இதன் அடிப்படைத் தருக்கம்.

தொழில்முனைவோருக்கு இது தேவைப்படுவதன் காரணம்

ஊதியம் பெறும் பணியாளருக்கு மேலதிகாரி ஒருவர் இருக்கிறார். ஆண்டு மதிப்பீடு, பதவி உயர்வு, கண்டிப்பு ஆகியவற்றின் வழியாக அவருடைய குறைகள் அவருக்கு ஓரளவு தெரிவிக்கப்படுகின்றன. சொந்தத் தொழில் நடத்துபவருக்கு இவ்வாறு சொல்வார் இல்லை. பணியாளர்கள் வேலையை எண்ணி வாய் திறப்பதில்லை. குறை கண்ட வாடிக்கையாளர் பெரும்பாலும் எதுவும் சொல்லாமல் அடுத்த கடைக்குச் சென்றுவிடுகிறார். உறவினர் மனம் நோகும் என்று தயங்குகின்றனர். எனவே முதலாளியின் தவறு பல வேளைகளில் கடன் சுமையாக மாறிய பின்னரே அவருக்குத் தெரிய வருகிறது.

இதனோடு தன் திறமையைக் கூட்டி மதிப்பிடும் இயல்பும் சேர்கிறது. ஆர்னால்டு கூப்பர், கரோலின் வூ, வில்லியம் டங்கெல்பர்க் ஆகியோர் அமெரிக்காவில் தொழில் தொடங்கிய 2,994 பேரிடம் நடத்திய ஆய்வை 1988 இல் வெளியிட்டனர். தம் தொழில் வெற்றி பெறும் வாய்ப்பு பத்துக்கு ஏழு அல்லது அதற்கு மேல் என்று 81 விழுக்காட்டினர் கூறினர். 33 விழுக்காட்டினர் பத்துக்குப் பத்து என்றே கூறினர். தம்மைப் போன்ற பிறருடைய தொழிலுக்கு அதே அளவு வாய்ப்பு உண்டா என்று கேட்டபோது, ஏழு அல்லது அதற்கு மேல் என்றவர்கள் 39 விழுக்காட்டினர் மட்டுமே. பிறரை எடைபோடும்போது இருந்த நிதானம் தம்மை எடைபோடும்போது அவர்களிடம் இருக்கவில்லை.

தன்னம்பிக்கை இல்லாமல் எவரும் தொழில் தொடங்குவதில்லை. ஆகவே தன்னறிவின் நோக்கம் நம்பிக்கையைக் குறைப்பதன்று. எந்தச் செயலில் அந்நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு, எதில் இல்லை என்று பிரித்தறிவதே அதன் நோக்கமாகும்.

தமிழ் மரபில்

இக்கருத்து தமிழருக்குப் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் உள்ள வலியறிதல் அதிகாரம், ஒரு செயலில் இறங்குமுன் செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, துணையாவார் வலிமை ஆகிய நான்கையும் எடைபோட வேண்டும் என்கிறது. வரவின் அளவறிந்து கொடுப்பதையும் வாழ்வதையும் இதே அதிகாரம் வலிமையை அறிவதன் பகுதியாகவே கொள்கிறது. குற்றங்கடிதல் தன் குறையை முதலில் நீக்குவதையும், பெரியாரைத் துணைக்கோடல் தவறு கண்டால் கடிந்துரைப்பாரை உடன் வைத்துக்கொள்வதையும், சொல்வன்மையும் அவையறிதலும் பேசும் திறனையும், இடுக்கணழியாமை துன்பத்தில் தளராமையையும் பேசுகின்றன. இவை அரசனுக்கும் அமைச்சனுக்கும் கூறப்பட்டவை எனினும், முடிவெடுக்கும் பொறுப்பும் அதன் விளைவும் ஒருவர் மீதே விழும் எந்த நிலைக்கும் பொருந்துவன.

சிந்தாதிரிப்பேட்டையும் துபாசிகளும்

மென்திறன்களே முதலீடாக அமைந்த தொழிலுக்குச் சென்னையின் வரலாற்றில் சிறந்த எடுத்துக்காட்டு துபாசி என்னும் தொழிலாகும். இரு மொழி அறிந்தவர் என்பது இச்சொல்லின் பொருள். ஐரோப்பிய வணிகருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே நின்று மொழிபெயர்த்தும், விலை பேசியும், கடனுக்கு உறுதி கூறியும் துபாசிகள் பொருள் ஈட்டினர்.

மூன்று புறமும் கூவம் ஆறு சூழ்ந்த சிந்தாதிரிப்பேட்டை, இத்தகைய இடைநிலை வணிகத்தின் விளைவாகவே உருவானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதிக்குத் துணி போதாமல் இருந்த காலத்தில், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் 1734 இல் நெசவாளருக்கென இக்குடியிருப்பை ஏற்படுத்தினார். சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை என மருவியதாகக் கூறப்படுகிறது. நூற்போர், நெய்வோர், துணிக்கு வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர் ஆகியோர் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். இங்குள்ள ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஆதிபுரீசுவரர் கோயிலும் ஆதியப்ப நாராயணச் செட்டி என்னும் துபாசியோடு தொடர்புடையவை.

இவ்வணிகம் முன்பணத்தை அடிப்படையாகக் கொண்டது. கம்பெனி வணிகருக்குப் பணம் கொடுத்தது. வணிகர் அதை நெசவாளருக்குக் கொடுத்தனர். நெய்து வந்த துணி தரம் பிரிக்கப்பட்டு, தேறாதது தள்ளப்பட்டது. எந்த நெசவாளருக்கு எவ்வளவு முன்பணம் கொடுக்கலாம், எந்த அதிகாரியிடம் எந்தச் சொல்லை எப்போது சொல்லலாம் என்னும் கணிப்புகளே இடைநின்றவரின் இலாபத்தையும் நட்டத்தையும் தீர்மானித்தன. இந்த நிலை எளிதில் சரியக்கூடியதாகவும் இருந்தது. நெசவாளர் குடியிருப்பு அமைந்த நிலமே, ஒரு காலத்தில் கம்பெனியின் தலைமை வணிகராக இருந்து பின்னர்ச் செல்வாக்கிழந்த சுங்குராமரின் தோட்டமாக இருந்ததாகும்.

துபாசிகளுள் தம் செயல்களைத் தாமே எழுதிவைத்தவர் என்ற வகையில் ஆனந்தரங்கப் பிள்ளை குறிப்பிடத்தக்கவர். 1709 இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்த இவர், புதுச்சேரியில் ஆளுநர் டூப்ளேயின் துபாசியாகப் பணியாற்றினார். 1736 முதல் 1761 வரை இவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு, அக்கால அரசியலுக்கும் வணிகத்துக்கும் முதன்மையான வரலாற்று ஆவணமாகக் கொள்ளப்படுகிறது. யார் என்ன சொன்னார், அதற்குத் தாம் என்ன விடை கூறினார் என்பதை அன்றன்றே எழுதிவைக்கும் இப்பழக்கம், இன்றைய பயிற்சிகளில் பரிந்துரைக்கப்படும் முடிவுக் குறிப்பேட்டை ஒத்ததாகும்.

இன்று சிந்தாதிரிப்பேட்டையில் தறிகள் இல்லை. மீன் சந்தையும், அருகில் நரசிங்கபுரத்தை ஒட்டிய ரிச்சி தெருவின் மின்னணுப் பொருள் கடைகளும் இப்பகுதியின் சிறுவணிகத்துக்கு அடையாளமாக உள்ளன. ஒரே தெருவில் ஒரே பொருளைப் பல கடைகள் விற்கும் இத்தகைய சந்தைகளில் விலை வேறுபாடு சிறிதே. வாடிக்கையாளரைத் திரும்பி வரச் செய்வது பெரும்பாலும் கடைக்காரரின் பேச்சும் நம்பகமுமே.

காக்கிநாடா–வேலூர் பயிற்சி

பின்னணி

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் டேவிட் மெக்கிளெலண்டு, 1961 இல் வெளியிட்ட நூலில் அடைவூக்கம் என்னும் கருத்தைப் பொருளாதார வளர்ச்சியோடு இணைத்தார். ஒரு செயலை முன்னிலும் சிறப்பாகச் செய்ய வேண்டும் என்னும் உள்ளுந்துதலே அடைவூக்கம் எனப்படுகிறது. புகழ் ஆசையோ பண ஆசையோ அன்று இது. இவ்வூக்கம் இளமையில் பெற்றோர் வளர்ப்பால் அமைவது எனப் பலர் எண்ணியிருந்தனர். வளர்ந்தவருக்கும் இதைக் கற்பிக்க இயலுமா என்பதைச் சோதிக்க அவர் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார்.

1962 இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தின் துணையோடு 1964 இல் பயிற்சி தொடங்கியது. காக்கிநாடாவிலிருந்தும் வேலூரிலிருந்தும் மொத்தம் 76 பேர் பயிற்சி பெற்றனர். இவர்களுள் கடைக்காரர், சிறு ஆலை நடத்துவோர் எனப் பலதரப்பட்டோர் இருந்தனர். பயிற்சி பெறாத 73 பேர் ஒப்பீட்டுக் குழுவாகக் கொள்ளப்பட்டனர். இதன் முடிவுகளை மெக்கிளெலண்டும் டேவிட் வின்டரும் 1969 இல் நூலாக வெளியிட்டனர்.

பாடத்திட்டம்

பயிற்சி ஏறத்தாழ பத்து நாட்கள் ஒரே இடத்தில் தங்கி நடைபெற்றது. கணக்குப்பதிவோ சந்தைப்படுத்தலோ இதில் முதன்மைப் பாடமாக இருக்கவில்லை. நான்கு கூறுகள் முக்கியமானவை:

1. கதை எழுதுதல்: தெளிவற்ற ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றிக் கதை எழுதுமாறு கேட்கப்பட்டது. இம்முறை கிறிஸ்டியானா மார்கன், ஹென்றி மரே ஆகியோரால் 1935 இல் வெளியிடப்பட்ட சோதனையை அடிப்படையாகக் கொண்டது. பயிற்சி பெறுவோர் தம் கதைகளைத் தாமே திருத்தி மதிப்பெண் இடக் கற்றனர். தம் கதையின் மாந்தர் எதையேனும் சாதிக்க முயல்கின்றனரா, தடையைக் கண்டால் என்ன செய்கின்றனர், அல்லது யாரேனும் வந்து உதவட்டும் எனக் காத்திருக்கின்றனரா என்று பார்ப்பதன் மூலம் தம் எண்ணப்போக்கை அவர்கள் கண்டனர்.
2. தன்னாய்வு: தான் யார், தான் எதை மதிக்கிறேன், தன் குடும்பமும் பண்பாடும் தன்னிடம் எதிர்பார்ப்பது என்ன, சாதனை நோக்கம் அவற்றோடு பொருந்துமா என்பன குழுவில் விவாதிக்கப்பட்டன.
3. இலக்கு வகுத்தல்: அடுத்த இரண்டு ஆண்டுகளில் தன் தொழிலில் செய்ய இருப்பதை அளக்கத்தக்க வகையில் எழுத வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.
4. குழு ஆதரவு: ஒரே ஊரைச் சேர்ந்தவர் ஒன்றாகப் பயின்றதால், ஊர் திரும்பிய பின்னும் ஒருவரை ஒருவர் கேட்டறிய வாய்ப்பு இருந்தது.

இவ்வகைப் பயிற்சிகளில் வளையம் எறியும் விளையாட்டும் புகழ்பெற்றது. தரையில் நட்ட முளையில் வளையத்தை எறிந்து மாட்ட வேண்டும். எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதை எறிபவரே முடிவு செய்யலாம். சிலர் முளைக்கு அருகிலேயே நின்று தவறாமல் மாட்டுவர். சிலர் மிகத் தொலைவில் நின்று, விழுந்தால் அதிர்ஷ்டம் என்று எறிவர். அடைவூக்கம் மிகுந்தவர் முயன்றால் முடியும், முயலாவிட்டால் முடியாது என்னும் நடுத்தொலைவைத் தேர்ந்தெடுப்பர். விளையாட்டு முடிந்ததும், தாம் நின்ற இடத்தைத் தம் கடை முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு கேட்கப்படுவர். சூதாட்டத்துக்கும் கணித்து ஏற்கும் இடருக்கும் உள்ள வேறுபாடு இவ்வாறு உணர்த்தப்படுகிறது.

முடிவுகள்

பயிற்சிக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே தொழிலை விரிவாக்குதல், புதிய தொழில் தொடங்குதல் போன்ற முனைப்பான செயல்களில் ஈடுபட்டிருந்தனர். பயிற்சிக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில், பயிற்சி பெற்றோரில் ஏறத்தாழ பாதிப் பேர் இவ்வாறு முனைப்புடன் செயல்பட்டனர். ஒப்பீட்டுக் குழுவில் இது நான்கில் ஒரு பங்காகவே இருந்தது. வானொலிக் கடை வைத்திருந்த ஒருவர் வண்ணப்பூச்சுத் தொழிற்சாலை தொடங்கியது பின்னாளில் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டது.

மரபு சார்ந்த நம்பிக்கைகள் தொழில் முனைப்புக்குத் தடையாக இருக்கும் என்னும் அக்காலக் கருத்தை இம்முடிவுகள் ஆதரிக்கவில்லை. பழைய பழக்கவழக்கங்களைக் கைவிடாதவரும் பயிற்சியால் பயன்பெற்றனர்.

இன்னொரு முடிவு இதனினும் கவனிக்கத்தக்கது. பயிற்சியின் பயன் பெரும்பாலும் தம் தொழிலில் முடிவெடுக்கும் அதிகாரம் உடையவரிடமே காணப்பட்டது. தந்தையோ அண்ணனோ முதலாளியாக இருக்க, அவருக்குக் கீழ் வேலை பார்த்தவர், தன்னைப் பற்றி அறிந்ததைச் செயலாக்க இயலவில்லை. தன்னறிவு தனியே செல்வம் தருவதில்லை, அதைப் பயன்படுத்த இடமும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

இந்தியாவிலும் தமிழகத்திலும் பரவல்

குசராத் மாநிலத்தின் தொழில் வளர்ச்சி நிறுவனங்கள் 1970 வாக்கில் புதிய தொழில்முனைவோருக்கான பயிற்சிகளைத் தொடங்கின. அடைவூக்கப் பயிற்சி இவற்றில் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது. உதய் பரீக், டி. வி. ராவ் ஆகியோர் இத்துறையில் இந்தியச் சூழலுக்கேற்ற நூல்களையும் பயிற்சி முறைகளையும் உருவாக்கினர். 1983 இல் அகமதாபாத்தில் இந்தியத் தொழில்முனைவு மேம்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. வி. ஜி. பட்டேல் அதன் முதல் இயக்குநராக இருந்தார்.

தமிழக அரசு 2001 இல் சென்னையில் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தை ஏற்படுத்தியது. இது பின்னர் தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 2012-13 இல் தொடங்கிய புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டத்தில் மானியத்தோடு பயிற்சியும் இணைக்கப்பட்டது. 2022 இல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டம், கல்லூரி மாணவரின் தகவல் தொடர்புத் திறனையும் வேலைவாய்ப்புத் திறன்களையும் வளர்க்க முற்படுகிறது.

பெண்களைப் பொறுத்தவரை மென்திறன் பயிற்சி வேறு வழியில் பரவியது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989 இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், சுய உதவிக் குழுக்களை உருவாக்கியது. பின்னர் மகளிர் திட்டம் என்ற பெயரில் இது மாநிலம் முழுவதும் விரிந்தது. கூட்டம் நடத்துதல், தீர்மானம் எழுதுதல், வங்கி மேலாளரிடம் பேசுதல், கடன் திருப்பாத உறுப்பினரிடம் பகை வளராமல் கேட்டு வாங்குதல் ஆகியவற்றை உறுப்பினர்கள் குழுவை நடத்தியே கற்றனர். பாடமாகக் கற்காமல் பழக்கமாகக் கற்ற மென்திறன்கள் இவை.

தமிழில் தன்முனைப்பு எழுத்தைப் பரவலாக்கியவருள் முதன்மையானவர் எம். எஸ். உதயமூர்த்தி. தஞ்சைப் பகுதியில் பிறந்து, அமெரிக்காவில் தொழிலதிபராக இருந்த இவருடைய 'எண்ணங்கள்' என்னும் நூல் பல பதிப்புகளைக் கண்டது. 1988 இல் இவர் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு வெளியான 'உன்னால் முடியும் தம்பி' திரைப்படத்தின் நாயகனுக்கு உதயமூர்த்தி என்னும் பெயர் சூட்டப்பட்டது. இவர் 2013 இல் காலமானார்.

பின்னாளைய ஆய்வுகள்

மெக்கிளெலண்டின் பயிற்சிக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், இக்கருத்து தற்போக்குத் தேர்வு முறையில் மீண்டும் சோதிக்கப்பட்டது. யாருக்குப் பயிற்சி, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வதால், ஆர்வமுள்ளவர் மட்டுமே சேர்ந்துவிடும் குறை இதில் தவிர்க்கப்படுகிறது.

அகமதாபாத்தில் சேவா வங்கியின் பெண் வாடிக்கையாளர்கள் 600க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2016 இல் வெளியானது. சிலருக்கு இரண்டு நாள் பயிற்சி தனியாகவும், சிலருக்குத் தோழி ஒருவருடன் சேர்ந்தும் அளிக்கப்பட்டது. தோழியுடன் வந்தவர்களே தொழிலுக்குக் கடன் பெறுவதிலும் வருமானத்திலும் முன்னேற்றம் கண்டனர். வீட்டுக்கு வெளியே செல்ல மிகுந்த கட்டுப்பாடு உடைய சமூகங்களைச் சேர்ந்த பெண்களுக்கு இப்பயன் கூடுதலாக இருந்தது. காக்கிநாடா பயிற்சியின் நான்காம் கூறான குழு ஆதரவின் தேவையை இது உறுதிப்படுத்துகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் நடத்துவோர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குக் கணக்கு, சந்தை, நிதி ஆகியவற்றில் வழக்கமான பயிற்சி அளிக்கப்பட்டது. இன்னொரு குழுவுக்குத் தானே முன்வந்து செயல்படுதல், இலக்கு வகுத்தல், தடைகளைத் தாண்டுதல் ஆகியவற்றை உள்ளடக்கிய உளவியல் பயிற்சி அளிக்கப்பட்டது. மூன்றாம் குழுவுக்குப் பயிற்சி இல்லை. 2017 இல் வெளியான முடிவின்படி, உளவியல் பயிற்சி பெற்றோரின் இலாபம் பயிற்சி பெறாதோரை விட 30 விழுக்காடு உயர்ந்தது. வழக்கமான பயிற்சி பெற்றோரின் உயர்வு 11 விழுக்காடு. இது புள்ளியியல் அடிப்படையில் உறுதிப்படுத்த இயலாத அளவினது.

வளர்க்கும் முறைகள்

பயிற்சி நிறுவனங்கள் பரிந்துரைக்கும் முறைகளுள் பல, செலவின்றித் தனியாகவே செய்யத்தக்கவை.

முடிவுக் குறிப்பேடு: கடன் வாங்குதல், ஆள் சேர்த்தல், புதிய பொருள் கொள்முதல் போன்ற முடிவுகளை எடுக்கும் நாளிலேயே காரணத்தையும் எதிர்பார்க்கும் விளைவையும் எழுதிவைத்தல். ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கும்போது, நினைவு செய்யும் திருத்தங்களுக்கு இடமில்லாமல் போகிறது. முன்பே தெரியும் என்று சொல்லிக்கொள்ள இயலாது.

ஜோகாரி சாளரம்: ஜோசப் லுஃப்ட், ஹாரி இங்காம் ஆகியோர் 1955 இல் உருவாக்கிய இம்முறை, ஒருவரைப் பற்றிய செய்திகளை நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறது. தனக்கும் பிறருக்கும் தெரிந்தவை, தனக்கு மட்டும் தெரிந்தவை, பிறருக்கு மட்டும் தெரிந்தவை, எவருக்கும் தெரியாதவை என்பன அவை. தொழில்முனைவோர் மூன்றாம் கட்டத்தைச் சுருக்க முயல வேண்டும்.

பின்னூட்டம் கேட்டல்: நான் எப்படி நடத்துகிறேன் என்று பொதுவாகக் கேட்டால், நன்றாக நடத்துகிறீர்கள் என்ற விடையே கிடைக்கும். கடந்த மாதம் நான் செய்தவற்றில் உங்கள் வேலையைக் கடினமாக்கியது எது என்று குறிப்பாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்க வாய்ப்புண்டு. விடை கூறியவரிடம் அதே இடத்தில் வாதாடினால் அடுத்த முறை அவர் உண்மையைச் சொல்லமாட்டார்.

கேட்டல்: வாடிக்கையாளரின் குறையைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லி, இதுதானே சிக்கல் என்று உறுதி செய்த பின்னரே விடை கூறுதல். பழுதான பொருளைத் திருப்பிக் கொண்டு வந்தவர் பணத்தைத்தான் கேட்கிறார் என்று கடைக்காரர் எண்ணிவிடுவதுண்டு. நாளைக்குள் வேறொன்று கிடைத்தால் போதும் என்பதே அவர் தேவையாகவும் இருக்கலாம்.

துணையைத் தேர்தல்: தன் குறையை அறிந்தவர் அதைத் திருத்தியே ஆக வேண்டும் என்பதில்லை. கணக்கில் பொறுமை இல்லாதவர் கணக்கரை அமர்த்தலாம். கடனைக் கேட்டு வாங்கத் தயங்குபவர் கூட்டாளியிடம் அப்பொறுப்பை விடலாம். குறை தெரியாதவருக்கு இவ்வாய்ப்பு இல்லை.

விமர்சனங்கள்

காக்கிநாடா–வேலூர் ஆய்வின் மாதிரி அளவு சிறியது. பயிற்சிக்கு முன்வந்தவர் ஏற்கனவே ஊக்கமுடையவராக இருந்திருக்கலாம் என்றும், தம்மைக் கவனிக்கின்றனர் என்ற எண்ணமே செயலைத் தூண்டியிருக்கலாம் என்றும் எதிர்வாதங்கள் எழுந்தன. மாறியது அடைவூக்கமா அல்லது தன்னம்பிக்கையா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு.

டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப் ஆகியோர் வளரும் நாடுகளின் வணிகப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளியிட்ட மதிப்பாய்வு, பல பயிற்சிகளின் விளைவு சிறியது என்றும், பல ஆய்வுகளின் மாதிரி அளவு அதை உறுதியாகக் கண்டறியப் போதாது என்றும் கூறியது. டோகோ முடிவு ஒரு நாட்டில் கிடைத்தது. பயிற்றுநரின் தரம் மாறினால் முடிவும் மாறக்கூடும்.

சமூக நோக்கிலான விமர்சனமும் உள்ளது. வங்கிக் கடன் மறுப்பு, சாதி அடிப்படையிலான ஒதுக்கல், தாமதமாக வரும் பட்டியல் தொகை, மின்தடை முதலியவற்றால் தொழில் நலிந்தவரிடம், மனப்பான்மையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பது பழியை அவர் மீதே சுமத்துவதாகும் என்று இத்தரப்பினர் கூறுகின்றனர். முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாதோருக்குப் பயிற்சி பயன்படவில்லை என்னும் காக்கிநாடா–வேலூர் முடிவு இவ்வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. அதே வேளையில், நட்டத்துக்குக் காரணம் தன் முடிவா, தன் கைக்கு அப்பாற்பட்ட சூழலா என்று பிரித்தறியவும் தன்னறிவு தேவைப்படுகிறது. அவ்வாறு பிரித்தறிந்தவர், தன் தவறு அல்லாததற்குத் தன்னைக் குற்றம் சாட்டிக்கொண்டு தொழிலைக் கைவிடுவதையும் தவிர்க்கலாம்.

இவற்றையும் பார்க்க

- அடைவூக்கம்
- உணர்வு நுண்ணறிவு
- ஜோகாரி சாளரம்
- சுய உதவிக் குழு
- துபாசி
- ஆனந்தரங்கப் பிள்ளை
- சிந்தாதிரிப்பேட்டை
- எம். எஸ். உதயமூர்த்தி